கடல் மீனுக்கு உப்பு எமனாகுமா?

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. குழம்பில் ஒரு சிட்டிகை குறைந்தால் நாக்கு உடனே சொல்லிவிடும். ஒரு கை கூடிவிட்டாலோ இலையை விட்டே எழுந்திருக்க நேரிடும். சமையலறையில் நாம் நாள்தோறும் பார்க்கும் இந்த அளவு விஷயம், கானடா தேசத்து ஓடைகளில் ஸால்மன் என்னும் மீனுக்கு உயிர்ப் பிரச்னையாகவே இருந்து வருகிறது.

அத்தேசத்தில் குளிர்காலம் வந்தால் சாலையில் கிடக்கும் ஈரம் உறைந்து கண்ணாடிபோல் வழுக்கும். அதன் மீது உப்பைத் தூவினால் பனிக்கட்டி இளகிவிடும். ஏனெனில் உப்பு நீர் உறைவதற்குச் சாதாரண நீரைவிட அதிகக் குளிர் வேண்டும். இதற்காக ஆண்டொன்றுக்குச் சுமார் 50 லக்ஷம் டன் உப்பை அங்கே சாலைகளில் கொட்டுகிறார்கள். வண்டிகள் கவிழாமல் தப்புகின்றன. முதியவர்களின் கால் முறியாமல் இருக்கிறது. இது பெரிய உபகாரம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பனி உருகிய பிறகு அந்த உப்பு எங்கே போகிறது?

சாலையோரத்துச் சாக்கடை வழியாகப் பக்கத்து ஓடைக்குத்தான் போகிறது. குப்பை மக்கும், இலை அழுகும். உப்புக்கு அந்தக் குணம் கிடையாது. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரோடு கலந்து, கோடைக்காலத்திலுங்கூட மெல்ல மெல்லக் கசிந்து வருகிறது.

அந்த ஓடைகளில் மீன் இருக்கிறதா என்று நேயர்கள் கேட்கலாம். மேற்குக் கரையிலுள்ள வாங்கூவர் நகரத்தில் 'ஸ்டில் கிரீக்' என்று ஓர் ஓடை உண்டு. தொழிற்சாலைகளுக்கும் கடைத்தெருக்களுக்கும் நடுவே ஓடுவது அது. ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஸால்மன் தலைகாட்டாதிருந்த அந்த ஓடைக்கு 2012-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மீன்கள் திரும்பி வந்து முட்டையிட்டன. பல காலம் ஓடையைச் சுத்தம் செய்து கரைகளைச் செப்பனிட்டவர்களுக்குக் கிடைத்த பரிசு அது.

ஸால்மனின் வாழ்க்கை விசித்திரமானது. நன்னீர் ஓடையில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடுவதற்குப் பிறந்த ஓடையையே தேடி வருகிறது. பஸிபிக் கடலைச் சேர்ந்த ஸால்மன் வகைகளில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் தாமும் மாண்டுபோகின்றன. 'கடலில் ஆண்டுக்கணக்காக வாழும் மீனுக்கு உப்பு எப்படி நஞ்சாகும்?' என்று கேட்பது நியாயந்தான். சமுத்திர ஜலத்தில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறதே!

விடை அந்த மீனின் வயதில் இருக்கிறது. நன்னீரில் இருக்கும் குஞ்சின் செவுள்கள் நீரில் உள்ள சொற்ப உப்பையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்படி அமைந்தவை. கடலுக்குப் புறப்படும் பருவத்தில்தான் அவை வேலையை மாற்றி, உடலில் சேரும் உப்பை வெளியே தள்ளக் கற்றுக்கொள்கின்றன. முட்டைக்கோ செவுளே இல்லை. தாய் முட்டையிட்டு, அது கருவுற்ற முதல் சில மணி நேரத்தில், முட்டை சுற்றியுள்ள நீரை உறிஞ்சி உப்பித் தன் ஓட்டை இறுக்கிக்கொள்கிறது. அந்தச் சமயத்தில் ஓடை நீர் உப்பாக இருந்தால் முட்டை சரிவர உப்புவதில்லை. இதை நார்வே தேசத்து ஆராய்ச்சியாளர்கள் அட்லாண்டிக் ஸால்மனில் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். ஸால்மன் முட்டையிடும் காலம் இலையுதிர் கடைசியும் குளிர்காலத் தொடக்கமும். உப்பு வண்டிகள் புறப்படும் காலமும் அதுவேதான்!

அளவைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். நீர்வாழ் உயிர்கள் நெடுங்காலம் தாங்குவதற்குக் கானடா வகுத்துள்ள வரம்பு, லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு. ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் சுமார் இரண்டு குடம் தண்ணீர் அந்த வரம்பை எட்டிவிடும். அப்படியானால் தெரு முனையில் லாரி கொட்டிச் செல்லும் உப்பு எத்தனை குடத்தைக் கெடுக்கும் என்பதை நேயர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதற்காக உப்பே வேண்டாமென்று சொல்லிவிட முடியாது. வழுக்கும் சாலையில் போவதும் மனித உயிர்தானே? வழி அளவில் இருக்கிறது. கானடா அரசாங்கம் 2001-ல் சாலை உப்பைச் சூழ்நிலைக்குக் கேடு விளைப்பது என்று தீர்மானித்து, 2004-ல் ஒரு நடைமுறை விதியை வெளியிட்டது. ஆண்டுக்கு 500 டன்னுக்கு மேல் உபயோகிப்பவர்கள் அதைக் குறைக்கத் திட்டம் வகுக்கவேண்டும் என்பது அதன் சாரம். பனி விழுவதற்கு முன்பே உப்புக் கரைசலைத் தெளித்தால் குறைந்த உப்பு போதும். வறட்டு உப்பைப்போல் அது சிதறி ஓடுவதில்லை. உப்புக் குவியலைக் கூரையின் கீழ் வைக்கலாம். கடுங்குளிரில் உப்பு பயன் தராது. அப்போது மணலைத் தூவலாம். வீட்டு வாசலில் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி வீசுகிறவர்கள், முதலில் மண்வெட்டியால் பனியை ஒதுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இவற்றில் எதுவும் பெரிய விஞ்ஞான சாதனையல்ல. கை கொஞ்சம் அடங்கினால் போதும். 80 ஆண்டு கழித்து ஊருக்குத் திரும்பிய விருந்தாளிக்கு உணவிடாவிட்டாலும் போகிறது, அதன் தொட்டிலில் உப்பைக் கொட்டாமல் இருக்கலாம் அல்லவா? அளவறிந்து உப்பிடும் கைக்குத்தான் சமையலில் நல்ல பெயர். சாலைக்கு உப்பிடும் கைக்கும் அதுவே பொருந்தும்.