கூட்டு வட்டியும் அநாதை அடைப்புக்குறியும்

தொகை = அசல் × (1 + வீதம்/100)^ஆண்டு

எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டிப் பாடம் வந்ததும் போர்டில் இதை எழுதி, சுற்றி ஒரு கட்டம் போட்டு, "மனப்பாடம் பண்ணிக்குங்க, பரீட்சையில கண்டிப்பா வரும்" என்று சொல்லிவிட்டு நேரே கணக்குக்குப் போய்விடுவார்கள். நடுவில் நிற்கிற அந்த இரண்டு வளைவுக் கோடுகள் எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. யாராவது தைரியமாகக் கேட்டால் "போட்மாஸ்" என்று பதில் வரும். இதெல்லாம் ஒரு பதிலா? எதை முதலில் செய்யவேண்டும் என்றுதான் போட்மாஸ் சொல்லும். அடைப்புக்குறி அங்கே ஏன் வந்தது என்று அதற்குத் தெரியாது.

விஷயம் ரொம்பச் சின்னது. ஒரு ரூபாயை 10 சதவீத வட்டிக்கு விட்டால் வருஷக் கடைசியில் 1.10 ரூபாய். அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருப்பது அந்த 1.10தான். போட்ட ரூபாயும் அது போட்ட குட்டியும் சேர்ந்து ஒரே பொட்டலம். அடுத்த வருஷ வட்டி இந்த மொத்தப் பொட்டலத்தின் மேல் ஏறுகிறது. அதனால்தான் அடுக்கு, அடைப்புக்குறியின் தலைமேல் இருக்கிறது. 10,000 ரூபாய்க்கு 2 வருஷம் என்றால் 1.10 × 1.10 = 1.21, கைக்கு வருவது 12,100. தனி வட்டியில் 12,000தான். அதிகமாக வந்த அந்த 100 ரூபாய், முதல் வருஷ வட்டியான 1,000 போட்ட குட்டி.

இப்போது அடைப்புக்குறியைப் பிடுங்கிவிட்டு, 10000 × 1 + 10/100^2 என்று எழுதிப் பாருங்கள். 10,000.001 வரும். இரண்டு வருஷத்துக்கு வட்டி ஒரு காசில் பத்தில் ஒரு பங்கு! அசலையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் தள்ளி அடுக்கைப் போட்டால் 12 கோடியே 10 லட்சம். டைப் அடிக்கும்போது அடுக்கு கீழே இறங்கி அடைப்புக்குறி பக்கத்தில் வெறும் 2 ஆகிவிட்டால் 22,000. மளிகைக்கடை கால்குலேட்டரில் 1 + 10 ÷ 100 என்று வரிசையாகத் தட்டினால் 0.11 காட்டும், ஏனென்றால் அது முதலில் கூட்டிவிட்டுத்தான் வகுக்கும். சயின்டிஃபிக் கால்குலேட்டரில் அதே பட்டன்களுக்கு 1.1.

இதில் எது சரி என்று சூத்திரத்தை உருப்போட்டவனால் சொல்ல முடியாது. 12 கோடி வந்தாலும் அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவான்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும்" என்பார்கள். பார்த்துக்கும்தான், ஆனால் யாருடைய கம்ப்யூட்டர்? கடன் கொடுப்பவருடையது. எக்செல்லில் 8 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி, 3 வருஷம் என்பதை =10000*(1+8/400)^4*3 என்று அடித்தால் 32,472.96 என்று கூசாமல் காட்டும். அடுக்குக்கும் ஓர் அடைப்புக்குறி போட்டு ^(4*3) என்றால்தான் சரியான 12,682.42 வரும். எக்செல் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் முகத்தை வைத்துக்கொள்ளும்.

ஊரில் "மூணு வட்டி" என்கிறோமே, நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 36 சதவீதம் என்று வாய்க்கணக்கு போட்டுவிட்டு ஒரு லட்சம் வாங்குகிறார் ஒருவர். கட்டாத வட்டி மாதாமாதம் அசலில் சேருமானால் ஒரு வருஷத்தில் பாக்கி 1,36,000 கிடையாது, 1,42,576. மூன்று வருஷத்தில் அவர் மனசில் இருப்பது 2,08,000. நோட்டில் இருப்பது 2,89,828. அந்த 81,828 ரூபாய் முழுக்க அடைப்புக்குறியும் அதன் தலைமேல் இருக்கும் அடுக்கும் செய்த வேலை. கூட்டு வட்டி உலகின் எட்டாவது அதிசயம் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது (அவர் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை). கடன் வாங்கினவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்!

கேள்வித்தாளில் "தொகை காண்க" என்று வருஷா வருஷம் கேட்கிறார்கள். ஒரே ஒருமுறை இப்படிக் கேட்கட்டும்: சூத்திரத்தில் அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் லாபம் யாருக்கு, வாங்கியவருக்கா கொடுத்தவருக்கா? சூத்திரம் எழுதினதுக்கு மார்க் கிடையாது.