ஹெலிகாப்டருக்குப் பட்டா உண்டா?

2018 ஏப்ரல் 25 இரவு பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தில் ஃபீல்டர்களைவிட காலரி ரசிகர்களுக்குத்தான் பந்து பொறுக்கும் வேலை அதிகம். இரு அணிகளும் சேர்ந்து 33 சிக்ஸர்கள். 206 ரன் இலக்கைத் துரத்திய சென்னை அணிக்காக தோனி 34 பந்தில் 70 ரன் எடுத்து, ஒரு சிக்ஸருடன் கணக்கை முடித்தார். தோனி களத்தில் நிற்கும் இதுபோன்ற இரவுகளில் ரசிகர்கள் காத்திருப்பது ஒரே ஓர் அடிக்குத்தான்: ஹெலிகாப்டர்.

காலடியில் வந்து விழும் யார்க்கரைத் தடுத்து நிறுத்தினாலே பெரிய காரியம் என்பது கிரிக்கெட்டின் பழைய பாடம். தோனி தடுப்பதில்லை. கடைசிக் கணம்வரை பொறுத்திருந்து, கீழ்க்கையின் பலத்தில் மணிக்கட்டைச் சுழற்றுவார். பந்து போன பிறகும் மட்டை நிற்காது. தலைக்கு மேல் ஒரு வட்டமடித்துவிட்டுத்தான் ஓயும். ஒரு கண் இமைப்பு பிசகினால் ஸ்டம்ப் பறக்கும்.

செல்போனில் அந்தத் தொல்லை இல்லை. சென்னை நிறுவனமான நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா 2015இல் வெளியிட்ட 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் 2' என்ற விளையாட்டின் அறிமுகக் குறிப்பிலேயே ஹெலிகாப்டர் ஷாட், தில்ஸ்கூப், அப்பர்கட் மூன்றும் ஆசை காட்டுகின்றன. கட்டைவிரல் போதும். சில்க் போர்டு சந்திப்பில் பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர்கூட நாலைந்து அடிக்கலாம்.

அப்படியென்றால் இந்த ஷாட் யாருடைய சொத்து? தோனியே இதை ராஞ்சி நண்பர் சந்தோஷ் லாலிடம் கற்றார் என்பார்கள். ஜார்கண்ட் அணிக்கு ஆடியவர். டென்னிஸ் பந்து ஆட்டங்களில் இருவரும் கூட்டாளிகள். தில்ஸ்கூப் மட்டும் என்ன? பின்னாளில் பெங்களூர் அணிக்கும் ஆடிய இலங்கையின் தில்ஷான் 2009 டி20 உலகக் கோப்பையில் அதைப் பிரபலமாக்கினார். ஆனால் ஜிம்பாப்வேயின் டக்ளஸ் மரில்லியர் 2001லேயே பெர்த் நகரில் மெக்ராத்தின் பந்தைத் தோளுக்கு மேலாக பின்பக்கம் அனுப்பியிருந்தார்.

சட்டம் இதில் சுவாரஸ்யமானது. நமது காப்புரிமைச் சட்டம் 'நிகழ்த்துபவர்' என்ற பட்டியலில் நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி ஆகியோருடன் பாம்பாட்டியையும் சேர்த்திருக்கிறது. கிரிக்கெட் வீரரைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. 2023இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட எம்பிஎல் நிறுவனத்தின் விளையாட்டுக்கு எதிராக, வீரர்களின் டிஜிட்டல் கார்டு விற்கும் ரேரியோ நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. முகமது சிராஜ், ஹர்ஷல் படேல் போன்ற வீரர்களும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்பது புகார். ஊரறிந்த பெயரையும் ரன் கணக்கையும் பயன்படுத்தத் தடையில்லை என்று கூறி, அந்த ஏப்ரலில் நீதிபதி அமித் பன்சால் இடைக்காலத் தடை தர மறுத்தார்.

பெயருக்கே இந்த கதி என்றால் மணிக்கட்டின் சுழற்சிக்கு யார் பட்டா தருவது? தராததும் நல்லதுதான். தந்திருந்தால் மரில்லியரிடம் அனுமதிச் சீட்டு வாங்காமல் தில்ஷான் மட்டையைத் தூக்கியிருக்க முடியாது. ராஞ்சி மைதானத்தில் ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்துப் பழகியிருக்கவும் முடியாது. ஆனால் ஷாட்டை விற்பனைச் சரக்காக்கும் விளையாட்டு நிறுவனங்கள், அது யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வரி போடலாம். அதற்கு ராயல்டி தேவையில்லை.

சந்தோஷ் லால் 2013இல் இளம் வயதிலேயே காலமானார். தோனியின் வாழ்க்கையைச் சொன்ன 2016ஆம் ஆண்டு இந்திப் படத்தில் அவருக்கு ஒரு பாத்திரம் கிடைத்தது. தில்ஸ்கூப்பில் தில்ஷானின் பெயர் இருக்கிறது. ஹெலிகாப்டரில் யார் பெயரும் இல்லை.