கலப்பிரிவு மாதிரியைப் பிள்ளைகளே செய்யட்டும்



கலப்பிரிவு மாதிரி செய்துவரச் சொன்னால், ரெஜிபோமும் பெயின்ற்றும் வாங்கி இரவிரவாக உம்மாவும் வாப்பாவும் செய்து கொடுக்கிறார்கள். வசதியுள்ள வீட்டு மாதிரி பளபளக்கும். கூலிக்குப் போகிறவரின் பிள்ளை அன்றைக்குப் பாடசாலைக்கே வராது.

இதை ஆசிரியர்களாகிய நாம்தான் மாற்ற வேண்டும். வகுப்பிலேயே செய்விப்போம். சிவப்பு, நீலக் கம்பளி நூலும் 4 பிறஸ் பட்டனும் போதும். ஒவ்வொரு நிறத்திலும் நெடியது ஒன்று, குட்டை ஒன்று: மொத்தம் 4 நிறமூர்த்தங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு அரைநிறவுருக்கள். அவற்றை இணைக்கும் பட்டன்தான் மையப்பாத்து.

இழையுருப்பிரிவில் பட்டனைக் கழற்றி இருபுறமும் இழுத்தால், இரு கலங்களிலும் 4 வீதம் இருக்கும். முதலாம் ஒடுக்கற்பிரிவில் பட்டனைக் கழற்றவே கூடாது. சிவப்பும் நீலமுமான அமைப்பொத்த சோடிதான் பிரியும்; எண்ணிக்கை 2 ஆகக் குறையும்.

பிள்ளைகள் பரீட்சையில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தன் கையால் கழற்றிப் பார்த்த பிள்ளைக்கு அது விளங்கும். ஒட்டி வைத்த ரெஜிபோமில் எதையும் நகர்த்த முடியாதே!

இனிமேல் மாதிரியின் அழகுக்குப் புள்ளி போடாமல், "இது ஏன் இந்தப் பக்கம் போனது?" என்று கேட்டு, பிள்ளை சொல்லும் பதிலுக்குப் போடுவோம். பெற்றோரும் அந்த இரவில் நிம்மதியாகத் தூங்கட்டும்.