அஞ்சி என்றால் அச்சமா?

தருமபுரி நண்பர் ஒருவர் தம் மகனுக்கு ‘அஞ்சி’ எனப் பெயரிட விரும்பினார். ‘பயந்தாங்கொள்ளி என்றா பெயர் வைப்பது?’ என்று உறவினர் தடுத்தனர். உள்ளூர்ப் புலவர் ஒருவர் துணைக்கு வந்தார்: பகைவர் அஞ்சுவதால் அவன் அஞ்சியாம். எனக்கு உறவினரை விடப் புலவர் மீதுதான் கோபம். பிறரை அஞ்சச் செய்பவனை ‘அஞ்சி’ என்று எந்த இலக்கணம் சொல்கிறது? பெருமை தேடுவதற்காக மொழியை வளைக்க வேண்டியதில்லை. பெயர் அந்த வினைச்சொல்லிலிருந்துதான் பிறந்தது என்பதற்கே சான்றில்லை.

பெயருக்குள் பொருளைத் துழாவியவர்கள் வழிதவறிய கதை நம்மிடமே உண்டு. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு ‘சதியபுதோ’ என்றொரு மரபையும் சொல்கிறது. ‘சத்தியம்’ என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு அறிஞர் சிலர் சத்தியமங்கலம் வரை போனார்கள். வேறு சிலர் மராட்டியத்துச் சாத்புதே குடிவரை அலைந்தார்கள். ஒலியைக் கேட்டு ‘அதியமான்தான்’ என்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. 1981இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்று ஒரே வரியில் வழக்கைத் தீர்த்தது. மகன் என்பதன் மரூஉவான ‘மான்’ மட்டும் ‘புத்திர’ ஆயிற்று. குடிப்பெயரை ஒலியாகவே விட்டுவைத்தான் அசோகரின் எழுத்தன். விவேகி!

பிற்காலத்தவருக்கு அந்த விவேகம் வாய்க்கவில்லை. போளூரை அடுத்த திருமலையில், எழினி நிறுவிய யக்ஷன், யக்ஷி படிமங்களைத் தகடூர் விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அதன் வடமொழிப் பகுதியில் எழினி ‘யவனிகா’ ஆகிவிட்டான். எழினி என்றால் திரைச்சீலை, யவனிகா என்றாலும் திரைச்சீலை. அகராதி சரி, அரசனைக் காணோம்! விடுகாதழகியனும் தப்பவில்லை, ‘வியாமுக்த சிரவணோஜ்வல’ என்று அவன் தொங்கு காதின் அழகும் மொழிபெயர்க்கப்பட்டது.

இன்னொரு குறை. நெல்லிக்கனி தந்தவன் ஒருவனே அதியமான் என்பது நம் பாடப்புத்தக நினைவு. அதியமான்கோட்டை என்ற ஊரும், ஓசூரில் ஒரு பொறியியல் கல்லூரியும் அப்பெயரைத் தாங்குகின்றன, மகிழ்ச்சியே. ஆனால் அது குடிப்பெயர். அஞ்சியின் மகன் பொகுட்டெழினியும் அதியன்தான். நாமக்கல் குன்றில் ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ குடைவித்த குணசீலனும், மூன்றாம் குலோத்துங்கன் காலத்து விடுகாதழகியனும் அதியர்களே. ஓராயிரம் ஆண்டுக்கு மேல் நீண்ட மரபை ஒரு கனிக்குள் அடைத்துவிட்டோம்.

‘அஞ்சி வேண்டாமென்றால் எழினி என்று வையுங்களேன்’ என்று நண்பரிடம் சொன்னேன். மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். வீட்டில் அகராதி பார்த்துவிட்டார்களாம்.