பானெட்டை வெட்டினால் சூடு குறையுமா?

கேள்வி: "எங்களிடம் பழைய டீசல் பிக்கப் இருக்கிறது. எரு மூட்டை ஏற்றிக்கொண்டு பாச்சலூர் மலைப்பாதையில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போய்விடுகிறது. இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டுத்தான் போகிறோம். பானெட்டை வெட்டி, காற்று வாங்கும் ஸ்கூப் வைத்தால் சரியாகும் என்கிறார் டிங்கரிங் பட்டறைக்காரர். வைக்கலாமா?"
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முன்பக்கம் வாய் திறந்த ஸ்கூப், வண்டி வேகமாக ஓடினால்தான் காற்றை அள்ளும். வேகம் நான்கில் ஒரு பங்கானால், முட்டும் காற்றின் அழுத்தம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். 80 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் காற்று, மலையில் 20 கி.மீ. வேகத்தில் ஊரும்போது கிடைக்காது. உங்கள் வண்டி சூடாவதோ அப்போதுதான். அதோடு, ரேடியேட்டர் வழியாக ஃபேன் இழுக்கும் காற்று இன்ஜினைத் தாண்டி அடிவழியாக வெளியேற வேண்டும். மேலிருந்தும் காற்றைத் திணித்தால் அந்த ஓட்டம் தடைபடவும் கூடும்.

'பழைய ஃபார்ச்சூனரில் ஸ்கூப் இருக்கிறதே?' என்று கேட்பீர்கள். 3 லிட்டர் டீசல் ஃபார்ச்சூனரில் அந்த வாய்க்கு அடியில் இருப்பது இன்டர்கூலர். டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்க வைத்தது. ரேடியேட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். ஏற்றத்தில் சூடாகி, சமதளத்தில் வேகம் பிடித்ததும் முள் இறங்கினால், ஃபேன் பக்கம் சந்தேகப்படலாம். பெல்ட் தளர்ந்திருக்கும், ஃபேன் கிளட்ச் தேய்ந்திருக்கும், ஃபேனைச் சுற்றியுள்ள கூடு உடைந்திருக்கும். இந்தக் கூட்டைப் பலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் வெளிக்காற்றை இழுக்காமல், இன்ஜின் அறையின் சூடான காற்றையே சுற்றிவிடும். சமதளத்தில் வேகமாக ஓடும்போதும் சூடேறினால், ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று பார்க்க வேண்டும்.

எரு, வைக்கோல் ஏற்றும் வண்டியில் ரேடியேட்டர் இடுக்குகளில் தூசு அடைவது சகஜம். இன்ஜின் பக்கமிருந்து வெளியே பார்த்து, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நெருக்கிப் பிடித்தால் தகடுகள் மடிந்துவிடும். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்பு படிந்திருந்தால், ரேடியேட்டர் கடையில் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். தேய்ந்த ரேடியேட்டர் மூடிக்கு ஆகும் செலவு சொற்பம். ஆனால், அது அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் சூடு நிற்கவில்லையா? அப்போதும் காற்று வாங்கும் வாய் வேண்டாம். சூட்டை வெளியே விடும் வாய் வையுங்கள். திறப்பு பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இடம், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால். முன் கண்ணாடியை ஒட்டி வைத்தால், அங்கே முட்டும் காற்று சூட்டை வெளியேற விடாது. ஆல்டர்னேட்டர், பேட்டரி, ஏர் ஃபில்டர் இவற்றுக்கு நேர் மேலேயும் கூடாது. மழைத் தண்ணீர் இறங்கும்.

முதலில் அட்டையில் வெட்டி, பானெட் மீது ஒட்டி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். சாலை மறைந்தால் உயரத்தைக் குறையுங்கள். பானெட்டின் அடியில் ஓடும் விலா எலும்பு போன்ற சட்டங்களை வெட்டவே கூடாது. பானெட்டின் பலமே அதுதான். வெட்டும் கட்டத்தின் நான்கு மூலையிலும் முதலில் துளை போடச் சொல்லுங்கள். மூலை கூர்மையாக இருந்தால் அதிர்வில் விரிசல் ஓடும். கோட்டுக்கு அரை அங்குலம் உள்ளே தள்ளி வெட்டி, அந்த விளிம்பை மேல்நோக்கி மடித்தால் மழைநீர் உள்ளே வராது. வெட்டிய விளிம்பில் அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். மூடியை வெல்டிங் வைக்காமல், ரப்பர் வாஷர் போட்டு போல்ட்டில் மாட்டினால், நாளைக்குக் கழற்றவும் வசதி. உள்ளே கம்பி வலை அவசியம்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியை மாற்றியமைக்கக் கட்டுப்பாடு விதிக்கிறது. சரக்கு வண்டிக்கு எஃப்.சி. இருக்கிறது. ஆகவே, வெட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

அதுவரை முள் மேலே போனால், ஓரம் கட்டி ஐடிலில் ஓடவிடுங்கள்; ஃபேன் சுற்றினால் சூடு இறங்கும். ஆவி கிளம்பினாலோ, தண்ணீர் ஒழுகினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள். முகம் வெந்துவிடும். 'இன்னும் ரெண்டு வளைவுதானே' என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும். பிறகு இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.