பேயாவது வரட்டும்!

போன மாதம் சுருளிப்பட்டிக்குப் போயிருந்தேன். ஆபீஸ் நண்பனின் சொந்த ஊர். 'மூன்று நாள் லீவு, சுருளி அருவியில் குளியல், கொடியிலிருந்து பறித்த பன்னீர் திராட்சை' என்று ஆசை காட்டினான். அருவியும் திராட்சையும் அங்கேதான் இருந்தன. நண்பனைத்தான் காணோம். கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு தடிமனான இங்கிலீஷ் நாவலுக்குள் தலையை விட்டவன், சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே எடுத்தான்.

கதை இதுதான். இரண்டாம் உலகப்போர். இங்கிலாந்தில் ஒரு குக்கிராமம். ராத்திரியானால் ஊர் முழுக்க இருட்டடிப்பு. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை. தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண், பக்கத்து விமானத் தளத்தில் ஒரு பைலட், நடுவில் காதல். ஒரு நாள் குண்டு போடப் போனவன் திரும்பவில்லை. ஆனால் மறு வாரத்திலிருந்து தினமும் ராத்திரி அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறான். வாடகை கேட்காத, காபி கேட்காத, மாமியாரைக் கூட்டிவராத உத்தமக் காதலன்!

இந்த ரகத்துக்கு 'பாராநார்மல் ரொமான்ஸ்' என்று பெயராம். புத்தகக் கடைகளில் தனி அலமாரியே உண்டாம்.

"நம்ம ஊர்ல இப்படியெல்லாம் எவன் சார் எழுதறான்?" என்றான். இந்த மாதிரிக் கேள்விக்குத்தானே நான் காத்திருப்பது?

"கல்கி எழுதிட்டார்டா" என்று ஆரம்பித்தேன். 1941 டிசம்பர் 23-ம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். கப்பலிலும் கால்நடையாகவும் நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் பர்மாவை விட்டு ஓடிவந்தார்கள். அந்த அமளியில் கப்பலேறிய ஒருவன் வழியில் ஒரு தீவில் இறங்குகிறான். பௌர்ணமி நிலவில் ஒரு ஜோடி அவன் எதிரே வருகிறது. சோழ இளவரசன், பாண்டிய இளவரசி! பல நூற்றாண்டுக்கு முந்தைய காதலர்கள். அதுதான் 'மோகினித் தீவு'. அந்த ஜோடியின் தனிச்சிறப்பு, கதை சொல்லும்போதே ஒருவரை ஒருவர் இடைமறித்துத் திருத்துவது. காலம் கடந்த காதலிலும் வீட்டுக்காரி குறுக்கே பேசுவாள் என்று தெரிந்து வைத்திருந்தார் கல்கி.

இங்கிலாந்திலேயே போர் நடக்கும்போது என்ன செய்தார்கள்? 1940 செப்டம்பரிலிருந்து மறு வருஷம் மே வரை லண்டனை ஜெர்மன்காரன் சல்லடையாக்கினான். ஜூலையில் அதே லண்டனில் நோயல் கவர்டின் 'பிளைத் ஸ்பிரிட்' நாடகம் அரங்கேறியது. இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டவன் வீட்டுக்கு முதல் மனைவியின் ஆவி வந்து கும்மாளம் போடும் காமெடி. மொத்தம் 1,997 காட்சிகள்! தலைக்கு மேல் சாவு சுற்றிக்கொண்டிருந்த ஊரில் ஜனங்கள் காசு கொடுத்து ஆவியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கரண்ட் போனது. நண்பன் என் பக்கம் அரையடி நகர்ந்தான்.

திண்ணையிலிருந்து அப்பத்தாவின் குரல் வந்தது. வயது தொண்ணூறு தாண்டிவிட்டது. காது மட்டும் கம்பம் வரை கேட்கும்.

"ஏய்யா, அந்தப் பிளேன்காரன் செத்துட்டான்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது அப்பத்தா. 'காணவில்லை'ன்னு மட்டும்தான் தந்தி வருது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப அது பேய்க்கதை இல்லய்யா. எங்க அத்தை கதை."

அப்பத்தாவின் அத்தை புருஷன் அந்தச் சண்டைக்குப் பட்டாளத்தில் சேர்ந்தவராம். பர்மா பக்கம் போவதாக ஒரு கடுதாசி வந்தது. அதோடு சரி. இருக்கிறார் என்றும் சேதி இல்லை, இறந்தார் என்றும் சேதி இல்லை. அத்தை தாலியைக் கழற்றவும் முடியாது, பூ வைத்தால் ஊர் பேசும்.

"தெனம் ராத்திரி கும்பாவுல சோறு போட்டு மூடி வச்சுருவாக. கதவுக்குத் தாழ் போட மாட்டாக. நாய் கொலைச்சா எந்திரிச்சு உக்காந்துக்குவாக. நான் சின்னப் புள்ள. 'செத்துப்போயி பேயா வந்தா பயமா இருக்காதா அத்தை'ன்னு கேட்டேன். 'பேயாவது வரட்டும்டி, சேதியாவது தெரியுமில்ல'ன்னாக. சாகுற வரைக்கும் அந்தக் கதவுக்குத் தாழ் போடல."

நண்பன் நாவலை மூடி வைத்தான். நானும் வாயை மூடினேன்.

ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் என்ற இடத்தில் ஒரு போர் நினைவு மண்டபம் இருக்கிறது. பர்மாச் சண்டையில் இறந்து, கல்லறை எங்கே என்றே தெரியாமல் போனவர்களின் பெயர்களைத் தூண்களில் செதுக்கியிருக்கிறார்கள். ஏறக்குறைய 27,000 பெயர்கள். இந்தியப் பெயர்கள் ஏராளம். அந்த ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு ஊரில் தாழ் போடாத கதவு ஒன்று இருந்திருக்கும். இங்கிலாந்துக் கிராமத்துக்காரிக்கு வாசலில் வந்து நிற்க ஒரு ஆவியை நாவலாசிரியர் அனுப்பி வைத்தார். சுருளிப்பட்டி அத்தைக்கு அனுப்ப ஆளில்லை.

மறுநாள் சாயங்காலம் கிளம்பினோம். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போட்ருய்யா" என்றார் அப்பத்தா. வருஷக் கணக்காக இதையே சொல்லி அனுப்புகிறாராம். இவனும் வருஷக் கணக்காக 'சரி அப்பத்தா' என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறானாம்.

விடிகாலை நாலரைக்கு சென்னையில் இறங்கினோம். ஆட்டோக்காரர் சட்டையைப் பிடித்து இழுக்க, பையன் முதல் காரியமாக செல்போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான். ஒரே ரிங். எடுத்துவிட்டார்.

"என்ன அப்பத்தா, தூங்கலையா?"

"நீதேன் பேசுறியா, இல்ல ஆவியா?"