பாவும் ஊடும் பாறையும்

சென்ற வாரம் மருதமுனையில் சாரமொன்று வாங்கினோம். கைத்தறிக்காரர் துணியைப் பாவு வழியே இழுத்துக் காட்டினார், இம்மியும் நெகிழவில்லை. மூலைக்கு மூலை இழுத்தபோதோ தாராளமாக நீண்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் பாறைகளைப் பற்றியே எண்ணிக்கொண்டு வந்தோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும்.

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி, பூரணை ஞாயிறு. காலை 6.59 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது. முதல் அதிர்வலை ஏறத்தாழ 1,600 கிலோமீற்றரை நான்கு நிமிடத்துக்குள் கடந்து கல்முனைக்குக் கீழே சென்றுவிட்டது. பின்வந்த அலைகள் இலங்கைத் தரையை 9 சென்ரிமீற்றர் வரை அசைத்ததைப் பல்லேகலைக் கருவி பதிந்தது. அசைவு மிக மெதுவானதாகையால் மக்கள் அறிந்திலர். கடல் வந்து சேர ஒன்றரை மணி நேரமளவு சென்றது. அவ்விடைவெளியில் எச்சரிப்பார் இல்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர்.

அவ்வலை கடந்துவந்த ஆழ்பாறையும் ஒருவகைத் துணியே. அதிலுள்ள ஒலிவின் பளிங்கில் ஒரு திசையிற் செல்லும் அலைக்குச் செக்கனுக்கு 9.9 கிலோமீற்றர் வேகம். வேறொரு திசையில் 7.7 மட்டுமே. பாறை யுகயுகமாக மெல்ல நகர்ந்ததனால் பளிங்குகள் பாவு நூல் போல ஒருமுகமாக அணிவகுத்து நிற்கின்றன. பசுபிக் கடலடியில் இதனை 1964 இல் எடுத்துக்காட்டியவர் ஹெஸ் என்னும் அமெரிக்க அறிஞர். திசைபேதமற்ற பாறையின் மீள்தன்மையைக் கூற இரண்டு எண்கள் போதும். பேதமுள்ளதற்கு 21 வரை வேண்டும்!

இத்தகைய பாறையில் அலை செல்லும் விதத்தைக் கடதாசியில் தீர்ப்பது அரிது. ஆகவே பாறையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அயற்கட்டங்களின் இழுப்பிலிருந்து ஒவ்வொன்றின் அடுத்த அசைவையும் கணனியாற் கணிக்கின்றனர். தறியில் இழை இழையாகத் துணி வளர்வதுபோல அலை வளர்கிறது. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. அலை ஒரு கட்டத்தைத் தாண்டும் நேரத்தினும் காலப்படி பெரிதாகலாகாது. 1928 இல் கூராந்து முதலிய மூவர் கண்ட விதி இதற்கு அடிப்படை. அதிவேகத் திசையை மறந்து காலப்படியை வகுத்தால் எண்கள் கட்டுமீறிப் பெருகும், கணக்கிலேயே பூகம்பம்தான்!

“இக்கணக்கு அன்று நம்மைக் காத்திருக்குமா?” என்று மாணவரொருவர் கேட்டார். கணக்கு மட்டும் போதாது என்றோம். ஹவாயிலிருந்த நிலையம் அதிர்ச்சியின் அளவை முதலில் 8.0 என்றே மதித்தது, 9.1 என்பது பின்னர் தெளிந்தது. செய்தியைக் கரைக்குக் கொணர வழியும் இருக்கவில்லை. 2012 சித்திரை 11 இல் 8.6 அளவிலான அதிர்ச்சி ஏற்பட்டபோது அறிவித்தல் வந்தது. கரையோர மக்கள் வெளியேறினர். பாறைகள் பக்கவாட்டில் வழுக்கியமையால் கடல் பொங்கவில்லை.

வாப்பாவின் தோளிலேறித் தாமும் அன்று ஓடியதாக அம்மாணவர் கூறினார்.